இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு இரவில் கால் துள்ளுகிறதா? புதிதாக வீடு திரும்பியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதித் தருவார்கள். சம்மணம் போடக் கூடாது, தாழ்வான இருக்கை கூடாது, குந்தி உட்காரும் கழிப்பறை கூடாது, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து இத்தனை நாள், தையல் பிரிக்க இன்ன தேதி. அந்தத் தாளில் பெரும்பாலும் இடம்பெறாதது, இரவு விளக்கை அணைத்ததும் தொடங்கும் கால் துள்ளல். கண் சொருகும் நேரம் பார்த்துத் தொடை வெட்டி இழுக்கும். அல்லது பாதம் தானாக உதறும். அல்லது வலி என்றும் சொல்ல முடியாத ஒரு குறுகுறுப்பு, காலை ஓர் இடத்தில் வைக்க விடாது. காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் முன்னால் அதே கால் சமர்த்தாகக் கிடக்கும். அதனால் நோயாளியும் சொல்வதில்லை, டாக்டரும் கேட்பதில்லை.

ஆபரேஷன் முடிந்து சில நாட்களிலிருந்து சில வாரங்கள் ஆனவர்களுக்கும், அவர்களுடன் ஒரே அறையில் படுத்துத் தூக்கம் கெட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இந்தத் துள்ளல்களில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. வாரங்கள் போகப் போகத் தணிந்துவிடும். ஆனால் "கால் இழுக்குது" என்ற ஒரே புகாருக்குள் நாலைந்து வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்றுக்குக் கொடுக்கும் மாத்திரை இன்னொன்றைக் கிளப்பிவிடும். ஆகவே உங்களுக்கு வருவது எது என்று பிரித்தறிவதுதான் பாதி வைத்தியம்.

முதலில் ஆபத்தை விலக்குங்கள்

இடுப்பிலோ தொடை இடுக்கிலோ திடீரென்று தாங்க முடியாத வலி வந்து, அந்தக் கால் குட்டையாகத் தெரிந்தால், அல்லது பாதம் உள்ளேயோ வெளியேயோ திரும்பிக் கிடந்து ஊன்றவே முடியாமல் போனால், புதிய மூட்டின் பந்துபோன்ற தலை அதன் கிண்ணத்தை விட்டு நழுவியிருக்கலாம். காலை நேராக்கிப் பார்க்க வேண்டாம். கிடந்தபடியே இருக்க விட்டு 108ஐ அழையுங்கள். மயக்கம் கொடுத்துத்தான் மூட்டை உள்ளே தள்ள வேண்டியிருக்கும் என்பதால் அதுவரை காபி, கஞ்சி எதுவும் கொடுக்காதீர்கள்.

கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் ஆழ்ந்த ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். அன்றே ஸ்கேன் தேவை. அதோடு மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சு வலி, இருமலில் ரத்தம் ஏதாவது இருந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆபரேஷன் செய்த கால் முழுக்கக் கொஞ்சம் வீங்குவதும், தொடையின் ரத்தக்கன்றல் முட்டிவரை இறங்கி நிறம் மாறுவதும் சாதாரணம். அந்த வீக்கம் இரவு படுத்து எழுந்தால் வற்றும். வற்றாத வீக்கம்தான் கவலைக்குரியது. உங்களால் வேறுபடுத்த முடியவில்லையென்றால் டாக்டர் வேறுபடுத்தட்டும்.

பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல் தொங்கினால் நரம்பு அழுந்தியிருக்கலாம். அதையும் அன்றே சொல்ல வேண்டும். காய்ச்சல், புண்ணிலிருந்து கசிவு, துள்ளலோடு சேர்ந்து குழப்பமான பேச்சு அல்லது எழுப்ப முடியாத தூக்கம், இவையும் விடியும்வரை காத்திருக்கும் விஷயங்கள் அல்ல.

இவை எதுவும் இல்லையென்றால் மூச்சை விடலாம். எல்லாரும் பயப்படும் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன்: தூக்கத்தில் கால் துள்ளுவதால் மட்டும் மூட்டு கழன்றுவிடுவது அரிது. முதல்முறை மாற்றுபவர்களில் ஏறக்குறைய 100க்கு 1 முதல் 3 பேருக்கு மூட்டு நழுவுகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். நழுவ வைப்பது கால் போகும் நிலை. அதிகம் குனிவது, காலை மடக்கி உள்பக்கம் திருப்புவது, கால்மேல் கால் போடுவது போன்றவை. துள்ளலுக்குப் பயந்து அவசரமாக எழுந்து குனிகிறோமே, அங்கேதான் ஆபத்து.

ஏன் இரவில்?

தேய்ந்த மூட்டோடு பல ஆண்டுகள் நொண்டி நடந்தவரின் தொடைத் தசைகள் சுருங்கிப் பழகியிருக்கும். ஆபரேஷனில் காலின் நீளத்தைச் சரிசெய்யும்போது அந்தத் தசைகள் திடீரென்று இழுபடுகின்றன. போதாததற்கு, மூட்டைப் பொருத்தக் காலை வலுவாகத் திருப்புவார்கள், சில தசைகளை விலக்குவார்கள், சிலவற்றை வெட்டித் திரும்பத் தைப்பார்கள். இப்படி அடிபட்ட இடத்தைச் சுற்றியுள்ள தசைகள் காவல்காரன்போல இறுகி நிற்கும். பகலில் அது தெரியாது. தூக்கத்துக்குள் நழுவும்போது உடம்பு தளர, தசை திடுக்கிட்டு மறுபடி இறுகும். அந்த இழுப்பு புண்ணைத் தொட்டதும் விழித்துக்கொள்கிறீர்கள்.

மாலை 8 மணிக்குப் போட்ட வலி மாத்திரையின் வேகம் நள்ளிரவு தாண்டிக் குறையத் தொடங்கும் என்பதும் ஒரு காரணம். பலரும் சொல்லும் "ராத்திரி ரெண்டு மணி வலி" இதுதான்.

உங்களுக்கு வருவது எது?

மூன்று நான்கு இரவுகள் மட்டும் தலைமாட்டில் ஒரு நோட்டு வையுங்கள். எத்தனை மணிக்கு, எந்தக் கால், காலின் எந்தப் பகுதி, தூங்குவதற்கு முன்பா தூங்கிய பிறகா, வலித்ததா இல்லையா, எழுந்து நடந்ததும் நின்றதா. இவ்வளவு போதும். இதை வைத்துப் பிரித்துவிடலாம்.

தூக்கம் பிடிக்கும் நொடியில் எங்கோ விழுவதுபோல ஒரே ஒரு திடுக்கிடல் என்றால் அது எல்லாருக்கும் வருவது. தூக்கம் கெட்டவர்களுக்கும் காபி அதிகம் குடிப்பவர்களுக்கும் கூடுதலாக வரும். ஆபரேஷனுக்கு முன்பும் உங்களுக்கு வந்திருக்கும். அப்போது புண் இல்லாததால் எழுப்பவில்லை. இதற்கு மருந்து வேண்டாம்.

தொடையின் முன்பக்கம், தொடை இடுக்கு, புட்டம் இவற்றில் தசை கவ்விப் பிடித்து, வலித்து, சில நொடி முதல் சில நிமிடம் இருந்து விடுவது தசை இறுக்கம். புரண்டு படுத்ததும், அன்றைக்குப் பயிற்சி கூடிப்போனாலும் வரும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் மிகுதி. ஆறு வாரத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு வெகுவாகக் குறையும்.

கெண்டைக்கால் கல்போல உருண்டு பாதம் கீழ்நோக்கி வளைந்தால் குரக்குவலி. நீர் போதாமை, நீர் பிரியக் கொடுக்கும் ரத்த அழுத்த மாத்திரை, அசையாமல் கிடப்பது எல்லாம் இதைக் கொண்டுவரும்.

அடுத்ததுதான் அடிக்கடி தவறவிடப்படுவது. வலி பெரிதாக இல்லை. ஆனால் காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல். பூச்சி ஊர்வதுபோல, உள்ளே யாரோ இழுப்பதுபோல என்று ஒவ்வொருவரும் ஒரு மாதிரி சொல்வார்கள். ஓய்வில் வரும், அசைத்தால் அல்லது நடந்தால் தணியும், மாலையிலும் இரவிலும் மிகும். பெரும்பாலும் ஆபரேஷன் செய்யாத காலிலும் இருக்கும். இந்த அடையாளங்கள் பொருந்தினால் அது அமைதியற்ற கால் நோய். வீட்டில் "சும்மா மனசுதான்" என்பார்கள். சுவீடனின் நரம்பியல் மருத்துவர் கார்ல் எக்பாம் 1945இலேயே இதைத் தனி நோயாக விவரித்துப் பெயரும் வைத்துவிட்டார். மனப்பிரமை என்று தள்ளுகிறவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம்.

இதனுடன் சேர்ந்தோ தனியாகவோ, தூங்குபவருக்கே தெரியாத ஒன்றும் உண்டு. கட்டைவிரல் மேலே நிமிரும், கணுக்கால் மடங்கும், சில சமயம் முட்டியும் மடங்கும். 20 முதல் 40 நொடிக்கு ஒருமுறை, கடிகாரம் வைத்ததுபோல. இதைப் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சொல்ல முடியும். கைப்பேசியில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து வைத்தால் டாக்டருக்கு ஆயிரம் வார்த்தை மிச்சம்.

மின்சாரம் பாய்வதுபோல, எரிச்சலாக, முட்டிக்குக் கீழே ஒரு கோடு பிடித்து இறங்கினால் நரம்பின் வேலை. இடுப்பு தேய்ந்த பலருக்கு முதுகெலும்பும் தேய்ந்திருக்கும்; இடுப்பு வலி போனதும் அதுவரை மறைந்திருந்த முதுகு நரம்பு வலி தலைகாட்டும். முன்பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவதும் எரிவதும் சகஜம். அது தோலுக்கு உணர்வு தரும் நரம்பு மட்டுமே, நடையைப் பாதிக்காது. ஆனால் நரம்பு தளிர்ப்பது நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

ஆபரேஷன் நடந்த அன்று, முதுகில் போட்ட மயக்க ஊசியின் வேகம் இறங்கும்போது வரும் ஊறலும் துடிப்பும் இந்தக் கணக்கில் சேராது. மறுநாளே போய்விடும்.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

துள்ளலுக்குப் புது மாத்திரை கேட்பதற்கு முன் இப்போது போடுவதைப் பட்டியலிடுங்கள். ஆபரேஷனுக்கு முன்பிருந்தே போட்டு வந்தவை, ஆஸ்பத்திரியில் எழுதியவை, மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கியவை, மூன்றும் ஒரே தாளில். என் அனுபவத்தில் தூக்கம் கெடுவதற்கான விடை பாதிப் பேருக்கு இந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

வாந்திக்கு எழுதப்படும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் இரண்டும் அமைதியற்ற காலைக் கிளப்பும். தூக்கம் வரட்டும், அரிப்பு நிற்கட்டும் என்று போடும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகளான ஃபெனிரமின், குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்றவையும் அப்படியே. இது பலருக்கு வியப்பாக இருக்கும். தூக்க மாத்திரை என்று நம்பிப் போட்டது தூங்கவிடாமல் அடிக்கும். மன அழுத்தத்துக்கான மாத்திரைகளில் பலவும் கால் துள்ளலைக் கூட்டும். அவற்றை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது, எழுதியவரிடம் பேச வேண்டும்.

டிரமடால் தனிப் பத்திக்கு உரியது. ஆபரேஷனுக்குப் பிறகு நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் வலி மாத்திரை அது. மன அழுத்தத்துக்கு எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவை எடுப்பவர் அதையும் சேர்த்துப் போட்டால், அரிதாக, வியர்வை, பதற்றம், கை கால் உதறல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று ஒன்று சேர்ந்து வரலாம். அது அவசர நிலை. டிரமடாலை வாரக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலும் கால் அமைதியிழக்கும். படிப்படியாகக் குறைப்பதே வழி. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மார்ஃபின் வகை மருந்துகளும், கபாபென்டின், பிரிகாபாலின் ஆகியவையும் உடம்பில் தேங்கி, தசைகளைத் திடீர் திடீரென்று உதற வைக்கும். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு கூடுதல் என்று யாராவது எப்போதாவது சொல்லியிருந்தால் அதை மறுபடி நினைவுபடுத்துங்கள்.

தசையைத் தளர்த்தும் மாத்திரைகளுக்கு வருவோம். பேக்லோஃபென், டைசானிடின் போன்றவை தசை இறுக்கத்துக்கு உதவலாம். அமைதியற்ற காலுக்கு இவை முதல் மருந்து அல்ல. தலைசுற்றலும், எழும்போது ரத்த அழுத்தம் விழுவதும் இவற்றோடு வரும். புது மூட்டுக்காரர் இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் தடுமாறி விழுந்து, மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு முறிந்தால், துள்ளலை விடப் பல மடங்கு பெரிய துன்பம். ஆகவே கேட்டு வாங்குவதாக இருந்தால் மிகக் குறைந்த அளவில், கூட ஒருவர் இருக்கும் இரவுகளில் மட்டும்.

வலி மாத்திரையின் நேரத்தை மாற்றுவது எளிதான, பலன் தரும் தந்திரம். பாராசிட்டமால் போடுகிறவர் கடைசி வேளையை இரவு 8 மணியிலிருந்து படுக்கப்போகும் நேரத்துக்குத் தள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நாளில் மொத்தம் 4 கிராம் தாண்டக் கூடாது. வயதானவர்கள், எடை குறைந்தவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கும் வாரங்களில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவற்றைக் கடையில் நீங்களாக வாங்கிப் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும்.

இன்னொன்று, கூச்சப்படாமல் சொல்ல வேண்டியது. இந்த ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் எல்லாரும் தாத்தா பாட்டிகள் அல்லர். தொடையெலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது பட்டுப்போய், 30, 40 வயதில் மூட்டு மாற்றுபவர்கள் வார்டில் நிறையப் பேர். நாள்பட்ட ஸ்டீராய்டும் மிதமிஞ்சிய குடியும் அதற்கு முக்கியக் காரணங்கள். தினம் குடித்து வந்தவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் குடி திடீரென்று நிற்கிறது. முதல் இரண்டு மூன்று நாளில் வரும் நடுக்கம், துள்ளல், தூக்கமின்மை அதனாலும் இருக்கலாம், வலிப்புவரைக்கும் போகலாம். மனைவி முன்னால் சொல்ல முடியாவிட்டால் நர்ஸிடம் தனியாகச் சொல்லுங்கள். மருந்தால் தடுக்கக்கூடியது அது.

படுக்கை

தரையில் பாய் கிடையாது, குறைந்தது டாக்டர் சொல்லும்வரை. கட்டிலில் உட்கார்ந்தால் இடுப்பு முட்டியைவிட மேலே இருக்க வேண்டும். அழுந்திக் குழியும் இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம். ஆனால் இரண்டு முட்டிக்கும் நடுவே வைக்க இலவம்பஞ்சுத் தலையணையைப்போல வேறில்லை. கால் துள்ளினாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அது தடுக்கும். முதல் வாரங்களில் மல்லாந்து, கால்விரல்கள் கூரையைப் பார்த்தபடி. ஒருக்களித்துப் படுப்பது எப்போது, எந்தப் பக்கம் என்பது ஆபரேஷன் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது; உங்கள் டாக்டரின் சொல்லே கணக்கு.

முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் இதமாக இருக்கும். இரவு முழுக்க அப்படியே வைத்தால் இடுப்பின் முன்தசை சுருங்கியே பழகிவிடும், பிறகு நிமிர்ந்து நிற்கக் கஷ்டம். கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். போர்வையைக் கால்மாட்டில் இறுக்கிச் செருகாதீர்கள். பாதத்தை அது கீழே அழுத்தினால் கெண்டைக்கால் சுருங்கி குரக்குவலி வரும்.

பகலில் செய்வது

இரவுத் துள்ளலைப் பகலில்தான் குறைக்க முடியும். காலையில் ஒரேயடியாக நடந்து களைத்துவிட்டுப் பிறகு நாள் முழுக்கக் கட்டிலில் கிடப்பதைவிட, விழித்திருக்கும் ஒவ்வொரு மணியிலும் ஐந்து நிமிடம் வாக்கரோடு நடப்பது மேல். டிவி பார்க்கும்போது பாதத்தை மேலும் கீழும் பத்துத் தடவை ஆட்டுங்கள், புட்டத் தசையை இறுக்கித் தளர்த்துங்கள். ரத்தம் உறையாமல் இருக்கவும் இது உதவும். கடினமான பிசியோ பயிற்சியை மாலை 5 மணிக்குள் முடித்துவிடுங்கள். படுப்பதற்கு முன் வேண்டியது வீட்டுக்குள் ஒரு மெதுவான நடை மட்டும்.

மதியம் 2 மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். மாலைக் காபி இல்லாவிட்டால் தலை வலிக்கும் என்பவர்களைத் தெரியும். முதலில் பாதி டம்ளராக்குங்கள். தண்ணீரைப் பகலிலேயே குடித்து முடித்துவிட்டால் இரவில் கழிப்பறைக்கு எழும் தடவை குறையும். பகல் தூக்கம் அரைமணி, அதுவும் மூன்று மணிக்குள். புகையிலைக்கு எந்த மணியும் நல்ல மணி அல்ல. புண் ஆறுவதையும் அது தாமதப்படுத்தும்.

நள்ளிரவில் கால் பிடித்துக்கொண்டால்

கெண்டைக்கால் பிடித்தால் சடாரென்று எழுந்து உட்கார்ந்து, குனிந்து, கட்டைவிரலைப் பிடித்து இழுப்பது நம் எல்லாருக்கும் கை பழகிய வைத்தியம். பின்பக்கமாகத் திறந்து பொருத்திய மூட்டுக்கு அதைவிட மோசமான நிலை கிடையாது. இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கிவிடும். ஆகவே முதல் இரவுக்கு முன்பே, விழித்திருக்கும்போதே, இதை ஒத்திகை பாருங்கள்:

1. எழாதீர்கள். மல்லாந்தபடியே விளக்கைப் போடச் சொல்லுங்கள். ஸ்விட்ச் கைக்கு எட்டினால் இன்னும் நல்லது. மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். பதறினால் தசை இன்னும் இறுகும்.

2. கெண்டைக்கால் என்றால் முட்டியை நேராக வைத்து, பாதத்தை நீங்களாகவே முகத்தை நோக்கி மேலே இழுங்கள். முடியாவிட்டால் கூட இருப்பவர் ஒரு கையில் குதிகாலைத் தாங்கி, மறு உள்ளங்கையால் பாதத்தின் முன்பகுதியை மெதுவாக மேல்நோக்கித் தள்ளி அரை நிமிடம் பிடிக்கட்டும். காலைத் தூக்கவோ திருப்பவோ வேண்டாம். தனியாகப் படுப்பவர்கள் கால்மாட்டுப் பலகையில் உள்ளங்காலை அழுத்தலாம்.

3. தொடை அல்லது புட்டம் என்றால் முட்டியின் பின்பக்கத்தை மெத்தையில் அழுத்தி ஐந்து எண்ணி விடுங்கள். புட்டத்தையும் அப்படியே இறுக்கித் தளர்த்துங்கள். ஐந்தாறு தடவைக்குள் பிடி விடும். இறுகிய தசையைத் தேய்ப்பதைவிட, அதையே வேலை வாங்கித் தளரவிடுவது எளிது.

4. வலி மிஞ்சினால் துணி சுற்றிய ஐஸ் பை, 15 நிமிடம். மரத்துப்போன தோலிலும் நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்கும் இடையிடையே தோலைப் பார்க்க வேண்டும். சூட்டு ஒத்தடம் புண்ணின் அருகே வேண்டாம்.

5. குறுகுறுப்பு, அசைக்கும் உந்துதல் என்றால் படுத்தபடி போராடுவதில் பயனில்லை. பிசியோ சொல்லிக்கொடுத்தபடி கால்களைச் சேர்த்து நகர்த்தி, உட்கார்ந்து அரை நிமிடம் பொறுத்து, வாக்கரைப் பிடித்து எழுந்து அறைக்குள் சில சுற்று நடங்கள். ஈரத்துணியால் காலைத் துடைப்பது சிலருக்கு உடனே தணிக்கும். சிலருக்கு வெதுவெதுப்பான நீர். சுடோகு, குறுக்கெழுத்து, பேரனின் ஹோம்வொர்க் என்று மூளைக்கு ஏதாவது வேலை கொடுத்தாலும் உந்துதல் குறையும். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படங்களைத் தள்ளிக்கொண்டிருப்பது இதில் சேராது.

நடக்கும் வழியில் மிதியடி, ஒயர், வழுக்கும் ஈரம் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு சிறிய இரவு விளக்கு எரியட்டும். வாக்கர் கைக்கெட்டும் தூரத்தில், ஒவ்வொரு இரவும் அதே இடத்தில் நிற்கட்டும்.

இரும்புச்சத்தைப் பாருங்கள்

அமைதியற்ற கால்தான் என்று தோன்றினால் மாத்திரைக்கு முன் ரத்தப் பரிசோதனை. மூளையில் இரும்பு குறைந்தால் இந்த நோய் கிளம்பும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆபரேஷனில் ரத்தம் போயிருக்கிறது. அதற்கு முன்பே ரத்தசோகையோடு வந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், நம்மிடையே ஏராளம். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று விட்டுவிடக் கூடாது. உடம்பில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். சாதாரணமாக லேப் தாளில் "நார்மல்" என்று அச்சாகும் அளவும் இந்த நோய்க்குப் போதாமல் இருக்கலாம். மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமோ அதற்குக் கீழோ இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்ப்பது வழக்கம். ஒரு சிக்கலும் உண்டு: ஆபரேஷனுக்குப் பிந்தைய வாரங்களில் உடம்பில் அழற்சி இருப்பதால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து தெரியும். ஆகவே ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரும்பு மாத்திரையைக் காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சேர்வது வெகுவாகக் குறையும். ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கால்சியமும் எழுதியிருப்பார்கள். இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நன்றாகச் சேரும். மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்குத் தார்போலப் பிசுபிசுவென்று நாற்றத்தோடு போனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். முருங்கைக்கீரையும் பேரீச்சையும் நல்லவைதாம். போன இரும்பை அவை மட்டும் திருப்பித் தர நெடுங்காலம் ஆகும்.

எண்ணெய், இளநீர், இன்ன பிற

பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தைலத்தின் பெயரோடு வருவார்கள். தையல் முழுக்க ஆறும்வரை புண்ணுக்கு அருகில் எந்த எண்ணெயும் படக் கூடாது. கெண்டைக்காலை அழுத்தி உருவுவது முதல் மூன்று மாதம் வேண்டவே வேண்டாம். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். உள்ளங்காலை மெதுவாகத் தடவிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அன்பாகக் கேட்கும் மாமியாருக்கும் அத்தைக்கும் அது போதும். எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர்களிடமோ நரம்பு எடுத்துவிடுகிறவர்களிடமோ உலோக மூட்டோடு போகாதீர்கள். அவர்கள் காலைத் திருப்பும் விதம் இந்த மூட்டுக்கானது அல்ல.

இளநீர் பெரும்பாலானவர்களுக்கு நல்லது. சிறுநீரகம் பலவீனமானவர்களும், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் தினம் குடிக்கும் முன், அதிலுள்ள பொட்டாசியம் உடம்பில் தேங்கலாம் என்பதால், ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மக்னீசியம் மாத்திரைக்கு இப்போது நல்ல மவுசு. முதியவர்களின் குரக்குவலியை அது பெரிதாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை, காசைச் சேமியுங்கள்.

டாக்டரிடம் எப்போது, எப்படிச் சொல்வது?

தையல் பிரிக்கப் போகும் 10 முதல் 14 நாள் சந்திப்பு இதற்கு நல்ல நேரம். "ராத்திரி கால் இழுக்குது" என்று தொடங்கினால் வலி மாத்திரை ஒன்று கூடும், அவ்வளவுதான். "படுத்ததும் இரண்டு காலும் அசைக்கச் சொல்லுது, நடந்தால் நிற்குது, வலி இல்லை" என்று தொடங்கிப் பாருங்கள். நோட்டு, வீடியோ, மாத்திரைப் பட்டியல் மூன்றையும் மேசையில் வையுங்கள். எலும்பு டாக்டருக்கு இது தன் துறையல்ல என்று தோன்றினால் நரம்பியல் மருத்துவரிடம் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. அமைதியற்ற காலுக்கு முன்பு முதலில் கொடுத்துவந்த பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை ஆண்டுக்கணக்கில் எடுத்தால் நோயையே முற்ற வைக்கக்கூடும் என்று தெரியவந்ததால், இப்போது இரும்பும் கபாபென்டின் வகையும் முன்னுக்கு வந்திருக்கின்றன. பழைய சீட்டை வைத்துக்கொண்டு கடையில் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆறு வாரத்துக்குப் பிறகும் துள்ளல் குறையாமல் கூடினால், மரத்துப்போன பகுதி விரிந்துகொண்டே போனால், அல்லது குறைந்திருந்த தொடை இடுக்கு வலி புதிதாகத் திரும்பினால், அடுத்த ரிவ்யூ தேதிவரை காத்திருக்காமல் முன்கூட்டியே போன் செய்து நேரம் வாங்குங்கள். போகும்போது வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள். முன்பக்கமா பின்பக்கமா எந்த வழியாகத் திறந்தார்கள், என்ன மூட்டு பொருத்தினார்கள் என்பது அதில் இருக்கும். புதிதாகப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.